திட்டப் பணிகளுக்கு மென்பொருள்: தேர்வுக்கு முன் தெளிய வேண்டியவை

(வளர்ச்சி நிர்வாகம் குறித்த பயிற்சி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

வளர்ச்சிப் பணிகள் தாமதமடைவதற்குப் பணப் பற்றாக்குறையே காரணம் என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது. அது ஓரளவே உண்மை. ஒதுக்கப்பட்ட தொகை நிதியாண்டின் முடிவில் செலவாகாமல் எஞ்சி நிற்பதும், மார்ச் மாதத்தின் கடைசி நாட்களில் பட்டியல்கள் கருவூலத்தில் குவிவதும், முடியாத பணிகள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுவதும் நாட்டின் பல பகுதிகளில் காணப்படும் நிலையாகும். பணம் இருந்தும் பணி முடியவில்லையெனில், குறைபாடு காலத்தைத் திட்டமிடுவதிலும் பலரது உழைப்பை ஒருங்கிணைப்பதிலும் இருக்கிறது. இக்குறையைப் போக்கும் கருவியாகத் திட்ட நிர்வாக மென்பொருள் இன்று முன்வைக்கப்படுகிறது. சந்தையில் இத்தகைய மென்பொருள்கள் ஏராளம். அவற்றுள் ஒரு குழுவுக்கு ஏற்றது எது என்பதை எவ்வாறு முடிவு செய்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

ஓர் இடத்தை மனத்திற்கொண்டு இக்கேள்வியை ஆராய்வது பயன் தரும். பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி செல்லும் சாலையில் அமைந்துள்ளது எலப்புள்ளி. பாலக்காட்டுக் கணவாயின் இந்தக் கிழக்குப் பகுதியில் நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் பனைமரங்களும் அருகருகே உள்ளன. கேரளத்தின் பிற பகுதிகளை நோக்க இங்கு மழை குறைவு. ஆகவே குளமும் கால்வாயும் விவசாயிக்கு உயிர்நாடி. மலையாளமும் தமிழும் ஒருங்கே வழங்கும் எல்லைப்புறம் இது. இத்தகைய ஒரு கிராமப் பஞ்சாயத்தின் திட்டக் குழுவுக்குப் பொருந்தும் கருவி எது என்பதை அறிந்தால், பெரிய அலுவலகங்களுக்கும் அந்த அளவுகோலே போதுமானதாக இருக்கும்.

குழு என்பது யார்?

கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்து ஒன்றின் ஆண்டுத் திட்டத்தில் சாலை, குடிநீர், குளம், அங்கன்வாடிக் கட்டடம், வீட்டு வசதி, வேளாண்மை உதவி எனப் பலதரப்பட்ட பணிகள் இடம்பெறுகின்றன. அவற்றை நிறைவேற்றுவோர் செயலாளர், உதவிப் பொறியாளர், ஓவர்சியர், கிராம விரிவாக்க அலுவலர், வேளாண்மை அலுவலர், கால்நடை மருத்துவர், அங்கன்வாடி மேற்பார்வையாளர், திட்டப் பிரிவு எழுத்தர் ஆகியோர். இவர்களுள் பலர் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் தம் துறை மேலதிகாரி தனியே உண்டு. இவர்களுடன் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், நிலைக்குழுக்களும், பணிக்குழுக்களும் சேருகின்றன.

ஒரே முதலாளியின் கீழ் ஒரே அறையில் இயங்கும் தனியார் நிறுவனக் குழுவுக்கும் இதற்கும் வேற்றுமை பெரிது. சந்தையில் கிடைக்கும் மென்பொருள்களுள் பெரும்பாலானவை முதல் வகைக் குழுவை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. பணியை ஒதுக்குபவரும் அதை ஏற்பவரும் ஒரே அதிகார வரிசையில் இருப்பதாக அவை கருதுகின்றன. பஞ்சாயத்தில் கட்டளையைவிட இணக்கமே மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஆகவே தேர்வின் முதற்படி மென்பொருள்களின் பட்டியலைப் புரட்டுவதன்று. யார் யாருடைய முடிவுக்காகக் காத்திருக்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதே முதற்படி.

குழுவின் அளவும் கருதத்தக்கது. மென்பொருள் உருவாக்கப் பணிகளைப் பற்றி 1975இல் நூலெழுதிய அமெரிக்கப் பொறியியலாளர் பிரெட் புரூக்ஸ், ஒரு குழுவில் ஆட்கள் பெருகப் பெருக அவர்களுக்கிடையே தேவைப்படும் தொடர்புகள் மிக வேகமாகப் பெருகுகின்றன என்பதைச் சுட்டிக்காட்டினார். 5 பேர் கொண்ட குழுவில் இருவரிருவராக அமையும் தொடர்புகள் 10. 10 பேர் எனில் 45. 15 பேர் எனில் 105. நால்வர் குழுவுக்குச் சுவரில் ஒட்டிய ஓர் அட்டவணையும் வாரம் ஒருமுறை கூடும் கூட்டமும் போதும். பதினைந்து பேர் கொண்ட, வெவ்வேறு கட்டடங்களில் இயங்கும் குழுவுக்கு அவை போதா. மென்பொருளின் தேவை இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

கருவியின் பின்னணி

திட்ட நிர்வாக மென்பொருள்களின் அடிப்படைக் கருத்துகள் கணிப்பொறி பரவுவதற்கு முன்பே தோன்றியவை. பணிகளைக் காலக் கோட்டின்மீது பட்டைகளாக வரையும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி கான்ட் பிரபலமாக்கினார். 1957ஆம் ஆண்டையொட்டி டூபாண்ட் நிறுவனம் தன் தொழிற்சாலைப் பணிகளுக்காக நெருக்கடிப் பாதை முறையை உருவாக்கியது. 1958இல் அமெரிக்கக் கடற்படை, பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் எனப்படும் வலைப்பின்னல் முறையை வகுத்தது. பின்னர் பிரைமவேரா (1983), மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் (1984) போன்றவை இம்முறைகளை மேசைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தன. ஜிரா (2002), ரெட்மைன் (2006), டிரெல்லோ (2011) போன்றவை இணையத்தின் வழியே பலர் ஒரே பட்டியலில் பணிபுரியும் வசதியைப் பெருக்கின.

இவை அனைத்தின் சாரமும் இரண்டு வினாக்களில் அடங்கிவிடும். எந்தப் பணி எதற்குப் பின்னரே தொடங்க இயலும் என்பது ஒன்று. எந்தச் சங்கிலி நீண்டால் முழுத் திட்டமும் நீளும் என்பது மற்றொன்று. அச்சங்கிலியே நெருக்கடிப் பாதை எனப்படுகிறது.

ஒரு குளத்தின் காலக் கணக்கு

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். எலப்புள்ளி போன்ற ஒரு பஞ்சாயத்தில் பாசனக் குளம் ஒன்றைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்த வேண்டியுள்ளது எனக் கொள்வோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. இரண்டாம் போக நெல்லுக்குத் தண்ணீர் தேவைப்படும் வரை குளத்தை வற்றவிட இயலாது. ஆகவே மண் வெட்டும் பணியைப் பிப்ரவரியில்தான் தொடங்கலாம். நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. அளவெடுத்து, அளவுப் புத்தகத்தில் பதிந்து, பட்டியலைக் கருவூலத்துக்கு அனுப்ப 2 வாரம் வேண்டும். எனவே களப்பணிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 6 வாரமே.

இனிப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஒப்பந்தப் புள்ளி கோரி உடன்படிக்கை செய்ய 6 வாரம் எனில், அறிவிப்பு டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வெளியாக வேண்டும். தொழில்நுட்ப அனுமதிக்கு 4 வாரம் எனில், மதிப்பீடு நவம்பர் மூன்றாம் வாரத்தில் தயாராக வேண்டும். மதிப்பீடு எழுத 3 வாரம் எனில், அக்டோபர் இறுதியில் குளத்தின் அடிமட்ட அளவுகள் கையில் இருக்க வேண்டும். ஆனால் அக்டோபரில் குளம் நிறைந்திருக்கும். அடிமட்டத்தை அளக்க வழியில்லை. அந்த அளவை ஏப்ரல் அல்லது மே மாதத்தில், மழைக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். இந்தப் பணியின் நெருக்கடிப் பாதை ஏப்ரலில், அதாவது மண்வெட்டி குளத்தில் இறங்குவதற்குப் பத்து மாதங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது.

மே மாதத்தில் ஒருநாள் அளவெடுக்கத் தவறினால் குளம் ஓராண்டு காத்திருக்கிறது. அந்த ஓராண்டில் ஒரு போகத்துக்கான தண்ணீர் இழக்கப்படுகிறது. மார்ச் மாதத்தில் செலவு விகிதத்தைப் பார்ப்பவருக்கு இந்த இழப்பின் காரணம் தென்படுவதில்லை. அதை மே மாதத்திலேயே காட்டக்கூடிய கருவிதான் திட்ட நிர்வாகக் கருவி என்ற பெயருக்குத் தகுதியுடையது. மழைக்காலத்தையும் பயிர்க்காலத்தையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வசதியில்லாத, ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும் அட்டவணையை மட்டும் அறிந்த மென்பொருள் எவ்வளவு அழகியதாயினும் இங்கு உதவாது.

கேரளத்தின் அனுபவம்

உள்ளாட்சித் திட்டங்களுக்கு மென்பொருளை விரிவாகப் பயன்படுத்திய மாநிலங்களுள் கேரளம் முன்னணியில் நிற்கிறது. 1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்துக்குப் பின்னர் 1994இல் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் வந்தது. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சி அமைப்புகளுக்கு அளிப்பது என்ற முடிவு அதன் உயிர்க்கூறாகும். கிராம சபை, வளர்ச்சிக் கருத்தரங்கு, பணிக்குழு, மாவட்டத் திட்டக் குழு எனப் பல கட்டங்களைக் கடந்து ஆயிரக்கணக்கான சிறு பணிகள் உருவாயின. காகிதக் கோப்புகளால் இப்பெருக்கத்தைத் தாங்க இயலவில்லை.

இந்நிலையில் 1999இல் இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் தோற்றுவிக்கப்பட்டது. பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சேவனா, வரி வருவாய்க்குச் சஞ்சயா, கணக்குக்குச் சாங்க்யா, கோப்பு நடமாட்டத்துக்குச் சூசிகா, பணியாளர் ஊதியத்துக்கு ஸ்தாபனா, திட்டப் பணிகளுக்குச் சுலேகா என ஒவ்வொரு பொருளுக்கும் தனி மென்பொருள் அமைந்தது. இவை சந்தையில் வாங்கப்பட்டவையல்ல. கேரளத்தின் சட்டத்தையும் நடைமுறையையும் மலையாள மொழியையும் அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டவை. 941 கிராமப் பஞ்சாயத்துகள் உள்ளிட்ட 1,200 உள்ளாட்சி அமைப்புகளின் திட்ட விவரங்களை ஒரே வடிவில் ஒப்பிட்டுப் பார்க்கச் சுலேகா வழிசெய்தது. இது சிறிய சாதனையன்று.

எனினும் இவ்வமைப்பு எந்த வினாவுக்கு விடையளித்தது என்பதைப் பகுத்துணர வேண்டும். எந்தப் பணி அங்கீகரிக்கப்பட்டது, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்பவையே அதன் மையம். அடுத்த திங்கட்கிழமை ஓவர்சியர் எந்தக் களத்துக்குச் செல்ல வேண்டும் என்பது வேறொரு வினா. முன்னதைப் பதிவு மென்பொருள் என்றும், மேலிடம் பார்வையிடுவதற்கான அறிக்கை முறையைக் கண்காணிப்பு மென்பொருள் என்றும், பின்னதைப் பணி ஒருங்கிணைப்பு மென்பொருள் என்றும் பிரித்துக் கூறலாம். மூன்றும் தேவையானவை, ஆயினும் ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. ஒன்றை வாங்கிவிட்டு மற்றொன்றின் பயனை எதிர்பார்ப்பதே பல அலுவலகங்களில் ஏமாற்றத்துக்கு மூலமாகிறது.

தனித்தனி மென்பொருள்களின் குறை காலப்போக்கில் வெளிப்பட்டது. ஒரே தகவல் பல இடங்களில் பதிவாயிற்று. இதைக் களைய ஒருங்கிணைந்த அமைப்புகளை நோக்கிக் கேரளம் நகர்ந்தது. கே-ஸ்மார்ட் என்னும் அமைப்பு 2024 ஜனவரி 1இல் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும், 2025 ஏப்ரலில் பஞ்சாயத்துகளிலும் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமும் தன் பல பழைய மென்பொருள்களைத் தொகுத்து 2020 ஏப்ரல் 24இல் இ-கிராம் சுவராஜ் தளத்தைத் தொடங்கியது. கிராமப் பஞ்சாயத்து வளர்ச்சித் திட்டத்தை அதில் ஏற்றுவதும், 15ஆவது நிதிக் குழு மானியச் செலவை அதன் வழியே மேற்கொள்வதும் பஞ்சாயத்துகளின் கடமையாயின. மாநில அமைப்பு ஒன்று, மத்திய அமைப்பு ஒன்று என இருவகைப் பதிவு எழுத்தரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் மூன்றாவதாக ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் குழு, அந்த எழுத்தரின் நேரத்தையும் விலையின் ஒரு பகுதியாகக் கணக்கிட்டாக வேண்டும்.

மென்பொருளை மாற்றாமல் நடைமுறையைத் திருத்தியே பயன் காண முயன்ற உதாரணமும் கேரளத்தில் உண்டு. 13ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2017-22) ஆண்டுத் திட்டங்களை நிதியாண்டு தொடங்குமுன்பே மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்குக் கொண்டுவர முயற்சி மேற்கொள்ளப்பட்டது. ஒப்புதல் மழைக்காலத்தின் நடுவே வருவதற்கும், ஏப்ரலிலேயே கையில் இருப்பதற்கும் உள்ள வேற்றுமை எந்தக் கணிப்பொறியும் தரக்கூடியதன்று.

உழைப்பு ஒருவருக்கு, பயன் வேறொருவருக்கு

பொருளாதாரக் கண்ணோட்டத்தில், தகவலைப் பதிவு செய்வதும் ஓர் உற்பத்திச் செயலே. அதற்குச் செலவு உண்டு. அச்செலவை ஏற்பவர் களத்தில் உள்ள பணியாளர்; பயனைப் பெறுபவர் பெரும்பாலும் மேலதிகாரி. செலவும் பயனும் வெவ்வேறு நபர்களிடம் சேரும்பொழுது உற்பத்தியின் தரம் குறைவது இயல்பு. பதிவுகள் தாமதமாகும், பின்னர் மாத இறுதியில் ஒரே நாளில் நிரப்பப்படும், இறுதியில் கேட்கப்பட்ட விடையையே தரும் வழக்கம் வேரூன்றும். ஓர் அளவீடு இலக்காக்கப்பட்டவுடன் அது நல்ல அளவீடாக இருப்பதை இழக்கிறது என்ற கருத்து, 1975இல் இங்கிலாந்துப் பொருளியலறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் நாணயக் கொள்கை பற்றி எழுதியதிலிருந்து பிறந்தது. அலுவலகப் பலகைகளுக்கும் அது பொருந்துகிறது.

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தொழிலாளர் வருகையைக் கைப்பேசி வழியே புகைப்படத்துடன் பதியும் முறை 2021இல் அறிமுகமாகி, 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. நோக்கம் முறைகேட்டைத் தடுப்பது. ஆனால் பணிக்குத் தொடர்பற்ற படங்கள் ஏற்றப்படுவதையும், நேரடிப் படத்துக்குப் பதிலாகப் பழைய படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுவதையும் 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுட்டிக்காட்டி, படங்களைச் சரிபார்க்கக் கூடுதல் ஏற்பாடுகளுக்கு உத்தரவிட்டது. கருவி கண்காணிப்பை மட்டும் நோக்கமாகக் கொள்ளும்பொழுது, அதைக் கண்காணிக்க மற்றொரு கண்காணிப்பு தேவைப்படுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

ஆகவே தேர்வின் தலையாய விதி இது: பதிவு செய்பவருக்கே முதற்பயன் கிட்ட வேண்டும். ஓவர்சியர் களத்தில் ஒரு வரி பதிந்தால், அதே வரி அவருடைய நாட்குறிப்பாகவும், வாராந்தரக் கூட்டத்தின் குறிப்பாகவும், மாத அறிக்கையின் பகுதியாகவும் தானே மாற வேண்டும். அவர் இருமுறை எழுத வேண்டியிருந்த இடத்தில் ஒருமுறை எழுதினால் போதும் என்ற நிலை ஏற்பட வேண்டும். அப்பொழுது உண்மையை எழுதுவதே அவருக்கு எளிதாகிவிடும்.

எத்தனை பணிகளைத் தாங்க முடியும்?

ஏடும் சுவர் அட்டவணையும் போதுமெனில் மென்பொருள் எதற்கு என்ற வினா எழலாம். ஒரு பணிக்கு ஏடு போதும். பல பணிகள் ஒரே மனிதரை நம்பி நிற்கும்பொழுது ஏடு தோற்கிறது.

பஞ்சாயத்தின் கட்டுமானப் பணிகள் அனைத்தும் உதவிப் பொறியாளர் ஒருவரின் கையைக் கடந்தே செல்கின்றன எனக் கொள்வோம். ஒரு சிறு பணிக்குக் களப்பார்வைக்கு 1 நாள், மதிப்பீட்டுக்கு 2 நாள், இடையில் ஆய்வுக்கு 2 நாள், அளவெடுத்துப் பட்டியல் தயாரிக்க 1 நாள் என 6 நாள் தேவை என வைத்துக்கொண்டால், 60 பணிகளுக்கு 360 நாள் வேண்டும். விடுமுறைகள் நீங்கலாக ஆண்டில் கிடைப்பது ஏறத்தாழ 240 வேலை நாட்களே. 40 பணிகளுக்குமேல் ஏற்பது, முடிக்க இயலாது என்று அறிந்தே வாக்களிப்பதாகும். ஆனால் ஒவ்வொரு வார்டு உறுப்பினரின் கோரிக்கையும் தனித்தனியே பார்க்கும்பொழுது நியாயமாகவே தோன்றும். 60 கோரிக்கைகளையும் ஒருவருடைய நாட்களின்மீது அடுக்கிப் பார்த்தால்தான் பற்றாக்குறை புலப்படும்.

இதை ஆண்டின் தொடக்கத்திலேயே பஞ்சாயத்துக் குழுவின் முன் விரித்துக் காட்ட முடிந்தால், பணிகளைக் குறைப்பதா, அவற்றை இணைப்பதா, கூடுதல் தொழில்நுட்ப உதவியை நாடுவதா என்பதை மக்கள் பிரதிநிதிகள் அறிந்தே முடிவு செய்யலாம். காட்டவில்லையெனில் அந்த முடிவு மார்ச் மாதத்தில் தானாகவே நிகழ்கிறது. செல்வாக்குக் குறைந்த வார்டின் பணி பின்தள்ளப்படுகிறது. மென்பொருளின் உண்மையான மதிப்பு இங்கேதான் உள்ளது. எதைச் செய்ய இயலாது என்பதை உரிய காலத்தில் காட்டுவது, செய்து முடித்ததைக் காட்டுவதைவிட உயர்ந்த உதவியாகும்.

விலையும் விடுதலையும்

விலையைப் பொறுத்தவரை, சந்தா முறையில் விற்கப்படும் மென்பொருள்களுக்குத் தலைக்கு மாதம் இவ்வளவு என்ற கணக்கே பெருவழக்கு. உதாரணத்துக்கு 12 பேர் கொண்ட குழுவுக்குத் தலைக்கு ரூ. 600 எனில் ஆண்டுக்கு ரூ. 86,400, 5 ஆண்டுக்கு ரூ. 4,32,000. இதனுடன் பயிற்சியும் பழைய விவரங்களை மாற்றும் செலவும் சேரும். ரெட்மைன், ஓபன்புராஜெக்ட் போன்ற திறந்த மூல மென்பொருள்களுக்கு உரிமத் தொகை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவற்றை நிறுவி, காப்புப் பிரதி எடுத்து, பராமரிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் பணி மாறுதல் பெற்றுச் சென்றபின் யார் கவனிப்பார் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

அரசு அலுவலகங்களுக்கு மேலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. மத்திய அரசு 2015இல் வெளியிட்ட கொள்கை, திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளித்துப் பரிசீலிக்குமாறு கூறுகிறது. கேரளத்திலோ பள்ளிக் கணிப்பொறிக் கல்வியிலேயே கட்டற்ற மென்பொருள் வேரூன்றியுள்ளது. பயனாளிகளின் பெயர், முகவரி போன்றவை இடம்பெறும் மென்பொருளில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கருத வேண்டும்.

வாங்குவதைவிட வெளியேறுவதே கடினம் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஐந்தாண்டுப் பதிவுகள் அனைத்தையும் சாதாரண அட்டவணை வடிவில் எடுத்துச்செல்ல இயலாத மென்பொருள், எவ்வளவு மலிவாயினும் விலை மிகுந்ததே. சந்தா நின்ற மறுநாள் பஞ்சாயத்தின் நினைவு பூட்டப்பட்டுவிடும்.

மொழியும் ஒரு நிபந்தனையே. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அம்மாநிலத்தின் தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. எல்லைப்புறப் பஞ்சாயத்தில் பணிகளின் பட்டியல் மலையாளத்திலும் தமிழிலும் அச்சாகி அறிவிப்புப் பலகைக்கு வர இயலுமானால், கிராம சபையில் அமர்ந்திருப்பவர் தம் தெருவின் குழாய்க்கு என்னவாயிற்று என்பதைத் தாமே படித்தறிவார். ஆங்கிலத் திரையை மட்டும் காட்டும் மென்பொருள் அவரைக் குழுவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

தேர்வு முறை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு வழிமுறையை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவதாக, நடப்பிலுள்ள நடைமுறையைத் தாளில் எழுத வேண்டும். எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் செல்கிறது, யாருக்காக யார் காத்திருக்கிறார் என்பது தெளிந்தால், சில தாமதங்கள் மென்பொருளின்றியே நீங்கும்.

இரண்டாவதாக, கட்டாய நிபந்தனைகளையும் விரும்பத்தக்க வசதிகளையும் பிரிக்க வேண்டும். தகவலை வெளியே எடுக்கும் உரிமை, உள்ளூர் மொழி, மெதுவான இணைப்பிலும் கைப்பேசியிலும் இயங்குதல், ஏற்கெனவே கட்டாயமான அரசுத் தளங்களுக்கு மறுபதிவின்றி விவரம் அளித்தல் ஆகியவை கட்டாய வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் ஒன்றில் தவறிய மென்பொருளை, பிற வசதிகளுக்கு மதிப்பெண் அளித்து ஈடுசெய்யலாகாது. பஞ்சாயத்தே தன் விருப்பப்படி மாற்ற இயலாத மாநில, மத்திய அமைப்புகளுடன் ஒத்துச் செல்வது குறிப்பாக இன்றியமையாதது.

மூன்றாவதாக, விற்பனையாளரின் விளக்கத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், எஞ்சிய இரண்டு அல்லது மூன்று கருவிகளை ஒரு காலாண்டுக்கு மெய்யான பணிகளில் சோதிக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே இதற்கு உகந்தது. நெருக்கடியில் கைவிடப்படும் கருவி எது, கைகொடுக்கும் கருவி எது என்பது அப்பொழுதுதான் தெரியும். ஒரு பதிவுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, ஒரே எண் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது, தாமதத்துடன் அதன் காரணமும் தெரிகிறதா, புதிதாக வந்த அலுவலர் எத்தனை நாளில் பழகுகிறார் என்பவற்றைக் குறித்துவைக்க வேண்டும்.

நான்காவதாக, தேர்வில் எழுத்தருக்கும் ஓவர்சியருக்கும் சம இடம் அளிக்க வேண்டும். மென்பொருளை நாள்தோறும் தொடுவோர் அவர்களே. அவர்கள் மறுத்த கருவியை மேலிருந்து திணித்தால், அது ஓராண்டுக்குள் அறிக்கை நிரப்பும் சடங்காகிவிடும்.

ஐந்தாவதாக, புதிய கருவி வரும் நாளிலேயே பழைய பதிவேடுகளுள் எவை நிறுத்தப்படும் என்பதையும் எழுத்து மூலம் முடிவு செய்ய வேண்டும். எதையும் நிறுத்தாமல் புதியதைச் சேர்ப்பது சீர்திருத்தமன்று, கூடுதல் சுமையே.

இச்சோதனைகளின் முடிவில் சந்தை மென்பொருள் எதுவும் வேண்டாம், சுவர் அட்டவணையும் பொதுவான விரிதாளும் போதும் என்று ஒரு குழு முடிவு செய்தால், அதுவும் அறிவார்ந்த தேர்வே. காரணம் தெரிந்து செய்யப்பட்ட சிறிய தேர்வு, விளம்பரத்தைக் கண்டு செய்யப்பட்ட பெரிய தேர்வைவிட மேலானது.

முடிவுரை

இந்தியாவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகள் உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் மழைக்கு முன் அளக்கப்பட வேண்டிய குளமும், ஒருவரை நம்பிக் காத்திருக்கும் பல பணிகளும் உண்டு. மென்பொருள் எந்தக் குளத்தையும் தூர்வாராது. மே மாதத்தில் அளவுநாடாவுடன் செல்ல வேண்டியவர் யார், அவருக்கு அந்த நாளில் வேறு வேலை உண்டா என்பதைச் சொல்வதே அதன் பணி. அதைத் தெளிவாகவும், அவருடைய மொழியிலும், அவருக்குப் பாரமின்றியும் சொல்லும் கருவியைத் தேர்ந்தெடுத்தால், வரைவுத் தாளில் உள்ள திட்டம் வயலுக்குத் தண்ணீராக உரிய பருவத்தில் வந்து சேரும்.